சென்னையின் எஃப்சி சீசன் டிக்கெட்: வாங்கலாமா, அணியைக் கலைத்துவிட்டு வரச் சொல்லலாமா?

5-க்கு 2.5 ஸ்டார். அதில் 2 மைதானத்துக்கும் அங்கே வரும் கூட்டத்துக்கும். மீதி அரை ஸ்டார்தான் அணிக்கு, அதுவும் பழைய பாசத்தில்.

ஹோட்டலுக்கும் ஃபோனுக்கும் பக்கம் பக்கமாக ரிவ்யூ எழுதுகிறோம், கால்பந்து கிளப் என்று வந்தால் மட்டும் "நம்ம டீம்" என்று சொல்லிக் கணக்குக் கேட்காமல் விட்டுவிடுகிறோம். டிக்கெட், ஜெர்சி, வாரத்தில் ஒரு சாயங்காலம் என்று நாமும் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறோம், அதனால் கேட்கலாம், தப்பில்லை. டிக்கெட் எடுக்கலாமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் எல்லோரும் அடுத்த மூச்சில் சொல்வது ஒன்றே ஒன்று: "டீமை மொத்தமா கலைச்சுட்டுப் புதுசா கட்டணும், அப்பதான் உருப்படும்." இந்த ரிவ்யூ பாதிக்கு மேல் அந்தப் பேச்சுக்கான பதில்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பெரியமேடு நேரு ஸ்டேடியம் இருக்கிற இடமே பெரிய வசதி. சென்ட்ரலில் இறங்கி நடக்கலாம், பார்க் ஸ்டேஷனில் இறங்கியும் நடக்கலாம், மெட்ரோவும் பக்கத்திலேயே இருக்கிறது. உள்ளே ஓட்டப்பந்தய டிராக் இருப்பதால் ஆட்டம் கொஞ்சம் தள்ளித்தான் நடக்கும், கோலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் எதிர்ப் பக்கத்தில் யார் காலில் பந்து என்றுகூடத் தெரியாது. அதனால் நடுக்கோட்டுக்கு நேராக, கொஞ்சம் மேலே இடம் பிடியுங்கள். டிரம் அடித்துக்கொண்டு தொண்ணூறு நிமிஷமும் நின்றுகொண்டே பார்க்கிற கூட்டம் வேண்டும் என்றால் பி ஸ்டாண்ட். பி ஸ்டாண்ட் புளூஸ், சூப்பர் மச்சான்ஸ் என்று ரசிகர் குழுக்கள் இருக்கின்றன, அணி எட்டாவது இடத்தில் இருந்தாலும் முதலிடத்தில் இருந்தாலும் அவர்கள் குரலில் வித்தியாசம் இருக்காது. கேரளா பிளாஸ்டர்ஸ் வருகிற நாளில் மஞ்சள் சட்டைக்காரர்கள் ரயிலேறி வந்து இறங்கும்போது அந்தப் பகுதியே வேறு மாதிரி ஆகிவிடும். அந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் எந்த நிபந்தனையும் இல்லாமல் 5 ஸ்டார் கொடுப்பேன்.

சரி, அணிக்கு வருவோம்.

புதிதாகப் பார்க்க ஆரம்பித்தவர்களுக்காகப் பழைய கதையைச் சுருக்கமாக. 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடங்கியபோதே சென்னையின் எஃப்சி பட்டியலில் முதலிடம் பிடித்தது. எலானோ 8 கோல் அடித்து, அதிக கோல் அடித்தவருக்கான கோல்டன் பூட்டை அந்த சீசனில் வாங்கினார், மாத்தெராஸி கோச்சாகவும் ஆட்டக்காரராகவும் இருந்தார், அரையிறுதியில் கேரளாவிடம் எக்ஸ்ட்ரா டைமில் போனது. அடுத்த வருஷம் கோப்பை. 2018 மார்ச்சில் பெங்களூர் கண்டீரவாவில், சொந்த மண்ணில் ஆடிய பெங்களூரு எஃப்சியை 3-2 என்று வீழ்த்தி இரண்டாவது கோப்பை. ஒன்பதாவது நிமிஷத்திலேயே சேத்ரி கோல் போட்டுவிட்டார், அப்புறம் மெய்ல்சன் ஆல்வெஸ் தலையால் இரண்டு, ரஃபேல் அகுஸ்டோ ஒன்று. அந்த அணியை யோசித்துப் பாருங்கள். பின்னால் மெய்ல்சனும் செரேனோவும் கால்டெரோனும், நடுவில் சென்னைப் பையன் தனபால் கணேஷ், இடது பக்கம் ஜெர்ரி, முன்னால் ஜெஜே, பெஞ்சிலும் களத்திலும் மாறி மாறி வந்துகொண்டிருந்த இளம் அனிருத் தாபா. யார் எங்கே நிற்பார் என்று நமக்கே தெரியும், ஆடுகிறவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா?

எனக்கு வருகிற சந்தேகம் அந்தக் கோப்பைகளைப் பற்றியது இல்லை, 2015 கோப்பை வந்த விதத்தைப் பற்றியது. லீக் பாதியைத் தாண்டியும் பட்டியலின் அடியில் கிடந்த அணி, கடைசி நாலு ஆட்டங்களையும் வென்று உள்ளே வந்தது. டிசம்பர் வெள்ளத்தில் ஊரே மூழ்கியதால் கொல்கத்தாவுக்கு எதிரான அரையிறுதியின் சொந்த மைதான ஆட்டத்தைப் புனேயில் போய் ஆட வேண்டி வந்தது, அங்கே 3-0. இறுதி ஆட்டத்தில் 90-வது நிமிஷம் வரை கோவா 2-1 என்று முன்னிலை, அதற்கப்புறம் கோவா கோல்கீப்பரின் சேம் சைடு கோல் ஒன்று, மெண்டோஸா ஒன்று, ஆட்டம் 3-2. பார்த்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். நான்கு வருஷம் கழித்து அதே மாதிரி இன்னொன்று: 2019-20 சீசன் தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே கோச் ஜான் கிரிகரி போய்விட்டார், ஓவன் காயில் வந்தார், அடிமட்டத்தில் இருந்த அணியை நாலாவது இடத்துக்கு ஏற்றி, அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5 என்று தாண்டி, இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். ஸ்ட்ரைக்கர் வால்ஸ்கிஸ் 15 கோல், கோல்டன் பூட். கொரோனாவால் காலி மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோல்வி, ஆனாலும் அன்றைக்கு யாரும் திட்டவில்லை.

இந்த இரண்டு அதிசயங்களும்தான் கிளப்பைக் கெடுத்தன என்று நான் நினைக்கிறேன். ஒரு சீசன் சொதப்பினால் கோச்சை மாற்று, நாலு வெளிநாட்டு ஆட்டக்காரரைப் பிடி, மீதியை ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம் என்கிற பழக்கம் அங்கேதான் ஊறியது. ஒரு தடவை லாட்டரி விழுந்த கடையிலேயே திரும்பத் திரும்பச் சீட்டு வாங்கியதற்கு ஆதாரமும் இருக்கிறது. ஜாம்ஷெட்பூருக்குப் போன வால்ஸ்கிஸை 2022 ஜனவரியில் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2023-ல் காயிலையே திரும்பக் கூப்பிட்டார்கள், கூடவே அந்த 2019-20 அணியின் மிட்ஃபீல்டர் கிரிவெல்லாரோவும் வந்தார். எனக்கும் கிரிவெல்லாரோவின் இடது கால் பிடிக்கும், பந்தை வைத்துக்கொண்டு ஒரு நொடி நின்று யோசிக்கிற அந்த அலட்சியத்துக்காகவே டிக்கெட் எடுக்கலாம். ஆனால் அது நினைவுக்குக் கொடுக்கிற காசு, அணிக்குக் கொடுக்கிற காசு இல்லை.

இப்போது பட்டியலைப் பாருங்கள். 2020-21-ல் கோச் சாபா லாஸ்லோ, 8-வது இடம். 20 ஆட்டத்தில் 11 டிரா, கண்ணைக் கட்டிக்கொண்டு பார்த்தாலும் அதே சுவாரசியம்தான் இருந்திருக்கும். 2021-22-ல் போஸிதார் பாந்தோவிச், கோவாவிடம் 5-0 வாங்கியதும் அவரை அனுப்பிவிட்டு சபீர் பாஷாவை வைத்து முடித்தார்கள், மறுபடி 8. 2022-23-ல் தாமஸ் பிர்டாரிச், அவர் காலத்தில் எல் கயாத்தி என்று ஒரு அருமையான ஆட்டக்காரர் இருந்தார், அப்படியும் 8. மூன்று கோச், மூன்று விதமான வெளிநாட்டுக்காரர்கள், மூன்று விதமான பேச்சு, கடைசியில் அதே எட்டு. 2023-24-ல் காயில் வந்து 6-வது இடம், பிளே-ஆஃபில் கோவாவிடம் 2-1. 2024-25-ல் 13 அணிகளில் 11-வது. இதுவரை வந்ததிலேயே மோசம் என்று சொல்ல மாட்டேன், 2018-19-ல் நடப்புச் சாம்பியனாக இறங்கி 18 ஆட்டத்தில் இரண்டே வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம் என்று ஒரு சீசன் இருக்கிறது. அதையும் பார்த்தவர்கள்தான் நாம்.

ஆகவே "மொத்தமா கலைச்சுட்டுக் கட்டணும்" என்று சொல்கிறவர்களுக்கு என் பதில்: கலைப்பது வருஷா வருஷம் நடந்துகொண்டேதான் இருக்கிறது. கட்டுவதுதான் இதுவரை நடக்கவில்லை. பதினொரு மாத அக்ரிமென்ட் போட்டுக் குடிவருகிறவர்கள் சுவரில் ஆணிகூட அடிக்க மாட்டார்கள், அப்படித்தான் பாதி அணி வந்து போகிறது.

போனவர்கள் எங்கே போய் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் வயிறு எரியும். விஷால் கைத் இங்கே கோல்கீப்பராக இருந்தபோது நாம் என்னென்ன பேசினோம்! கொல்கத்தாவின் மோகன் பகானுக்குப் போன முதல் சீசனிலேயே சிறந்த கோல்கீப்பருக்கான கோல்டன் குளோவ், 2023 இறுதி ஆட்டத்தின் பெனால்டி ஷூட்-அவுட்டில் ஹீரோ. தீபக் டாங்ரி அவருக்கு முன்பே அங்கே போய்விட்டார். 2023-ல் தாபாவும் போனார், 2016-லிருந்து நம் கண்முன்னே வளர்ந்து கேப்டனாகவும் ஆன பையன். 2024-25-ல் பட்டியலில் முதலிடத்துக்கான ஷீல்டு, பிளே-ஆஃபில் வெல்கிற கோப்பை இரண்டையும் வென்ற மோகன் பகான் அணியில் இந்த மூன்று பேருமே இருந்தார்கள். லாலியன்ஸுவாலா சாங்தே 2022 ஜனவரியில் மும்பைக்குப் போய், 2022-23-க்கான இந்தியாவின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். இந்த நாலு பேரையும் ஒரே அணியில் வைத்து யோசித்துப் பாருங்கள். நான் சில சமயம் யோசிப்பேன், தூக்கம் வராத ராத்திரிகளில்.

எல்லோரையும் பிடித்து வைத்திருக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். மோகன் பகான் கொடுக்கிற சம்பளத்தை எல்லோராலும் கொடுக்க முடியாது, ஆட்டக்காரருக்கும் கோப்பை ஆசை இருக்கும். ஆனால் விற்றுக் கிடைத்ததை வைத்து அடுத்த தாபாவை வாங்கினார்களா என்பதுதான் கேள்வி. 2025 ஜனவரியில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். பிகாஷ் யும்னம் என்கிற 21 வயது சென்டர் பேக் கேரளாவுக்குப் போனார், அங்கிருந்து 31 வயது பிரீதம் கோடால் இங்கே வந்தார். கோடால் நல்ல ஆட்டக்காரர், இந்தியாவுக்காக நிறைய ஆடியவர், அதில் எனக்குப் பேச்சே இல்லை. கோப்பைக்கு ஒரு படி கீழே நிற்கிற அணி இந்த மாற்றத்தைச் செய்தால் கைதட்டுவேன். அடிமட்டத்தில் இருக்கிற அணி, தன்னிடம் இருந்த பத்து வயது இளையவரைக் கொடுத்துவிட்டு இதைச் செய்தது. அதே சீசன் தொடக்கத்திலும் மந்தார் ராவ் தேசாய் மாதிரி முப்பதைத் தாண்டியவர்கள் வந்தார்கள். இந்த வருஷமே ஆறாவது இடத்துக்குள் வந்துவிட வேண்டும் என்ற அவசரம் தெரிகிறது, மூன்று வருஷம் கழித்து யார் ஆடுவார்கள் என்ற யோசனை தெரியவில்லை.

இத்தனைக்கும் ஐ.எஸ்.எல்.லில் 2024-25 வரை கடைசி இடத்துக்கு வந்தாலும் கீழ் லீக்கில் தள்ளியதில்லை! அடுத்த படியில் இருந்த ஐ-லீக்கிலிருந்து பஞ்சாபும் முகமதனும் மேலே வந்தார்கள், கீழே யாரும் போகவில்லை. இங்கிலாந்திலோ ஸ்பெயினிலோ ஒரு கிளப் இளைஞர்களை இறக்கிப் பொறுமையாக இருந்தால் கீழே விழுகிற ஆபத்து உண்டு, இங்கே அந்தப் பயம் இல்லாமல் இரண்டு சீசன் அடி வாங்கிக்கொண்டே ஒரு அணியைச் செய்ய முடிந்திருக்கும். அந்தச் சலுகையைக்கூடப் பயன்படுத்திக்கொள்ளாதது எனக்குப் புரியவே இல்லை.

பயன்படுத்திக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். நார்த் ஈஸ்ட் யுனைடெட். 2022-23-ல் 20 ஆட்டத்தில் 17 தோல்வி, ஒரே ஒரு வெற்றி, 5 புள்ளி. பார்க்கவே பாவமாக இருந்த அணி. ஹுவான் பெத்ரோ பெனாலியைக் கொண்டுவந்தார்கள், பார்திப் கோகோய், ஜிதின் மாதிரி இளைஞர்களைத் தொடர்ந்து ஆடவிட்டார்கள், முதல் சீசனில் 7-வது இடம் வந்ததும் கோச்சை மாற்றவில்லை. அடுத்த வருஷம், ஐ.எஸ்.எல்.லுக்கு வெளியே தனியாக நடக்கிற டூரண்ட் கோப்பை, இறுதி ஆட்டத்தில் மோகன் பகானிடம் 2-0 என்று பின்தங்கி, சமன் செய்து, பெனால்டியில் வென்றார்கள். அந்த சீசனில் அலாவுதீன் அஜாராய் 23 கோல் அடித்தார், ஐ.எஸ்.எல்.லில் ஒரே சீசனில் யாரும் அவ்வளவு அடித்ததில்லை. லீக்கில் 4-வது இடம். 2025-ல் மறுபடி டூரண்ட் கோப்பை. ஒரு வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் கிளிக் ஆனதால்தான் இதெல்லாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. சரி, அதில் பாதி உண்மை. ஆனால் நமக்கு வால்ஸ்கிஸ் கிளிக் ஆன அடுத்த சீசனிலேயே கோச்சும் இல்லை, வால்ஸ்கிஸும் இல்லை, டிஃபெண்டர் கோயனும் இல்லை, ஃபார்வர்டு ஷெம்ப்ரியும் இல்லை. அவர்களுக்கு அஜாராய் வந்தபோது சுற்றி ஒரு அணி தயாராக இருந்தது.

உள்ளூர் விஷயம் ஒன்றும் இருக்கிறது, இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். 2018-19-ல் சென்னையின் எஃப்சி 9 புள்ளியோடு கடைசியில் நின்ற அதே சீசனில், கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி எஃப்சி ஐ-லீக் சாம்பியன் ஆனது. அக்பர் நவாஸ் கோச், பெத்ரோ மான்ஸி 21 கோல், கூடவே எட்வின் சிட்னி வன்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் என்று தமிழ்நாட்டுப் பையன்கள். எட்வின் அடுத்த வருஷம் இங்கே வந்தார், நாலு சீசன் ஓடி ஓடி உழைத்தார், 2023-ல் ஈஸ்ட் பெங்கால் போனார். அதே ஈஸ்ட் பெங்காலுக்கு 2023 டூரண்டில் மோகன் பகானை வீழ்த்திய ஒற்றை கோலை அடித்தவர் நந்தகுமார் சேகர். வியாசர்பாடிக்காரர். நேரு ஸ்டேடியத்திலிருந்து ஆட்டோ பிடித்தால் கொஞ்ச நேரத்தில் போய்விடுகிற இடத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர், அந்த ஊரின் இரண்டு அணிகள் மோதுகிற கொல்கத்தா டெர்பியை வென்று கொடுக்கிறார். கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் ஜாம்ஷெட்பூரில் பெயர் வாங்கினார். உள்ளூர்க்காரர் என்பதற்காகவே ஒருவரை இறக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, திறமை இல்லாமல் ஊர்ப்பாசத்தில் ஆடவிட்டால் அதுவும் எட்டாவது இடம்தான். ஆனால் வடசென்னையில் காலையிலும் மாலையிலும் புழுதியில் ஆடிக்கொண்டிருக்கிற பையன்களையும், சென்னை சீனியர் டிவிஷன் லீக்கில் ஆடுகிறவர்களையும் மற்ற ஊர்க்காரர்கள் வந்து கூட்டிக்கொண்டு போவதற்கு முன்னால் நாம் பார்த்துவிட வேண்டாமா?

பணம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, 2025-ல் நடந்ததைப் பார்த்தபிறகு அது இன்னும் பெரிய கேள்வி. இந்தியக் கால்பந்து ஃபெடரேஷனுக்கும் லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான 15 வருஷ ஒப்பந்தம் முடிகிற கட்டத்தில் அடுத்து என்ன என்று தெரியாமல், செப்டம்பர் வாக்கில் தொடங்க வேண்டிய சீசன் அந்த வருஷம் தொடங்கவே இல்லை. லீக்கே எப்போது என்று தெரியாதபோது எந்த ஆட்டக்காரரை மூன்று வருஷத்துக்குக் கட்டிப்போடுவது? ஆனால் பணம் குறைவு என்பது என் பக்க வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. முப்பது வயது பெயர்களை வாங்குவதுதான் செலவு, இருபது வயதுப் பையனுக்கு நூறு நிமிஷமாவது களத்தில் கொடுப்பதற்குப் பொறுமை மட்டும் போதும். காயில் போனபிறகு 2025-ல் கிளிஃபர்ட் மிரண்டாவைக் கோச்சாகப் போட்டதை அதனால்தான் நான் வரவேற்றேன். ஒடிசாவுக்கு 2023-ல் சூப்பர் கப் வாங்கிக் கொடுத்தவர், இந்திய ஆட்டக்காரர்களை உள்ளும் புறமும் தெரிந்தவர். முடிவுகள் மோசமாக வரும்போதும் அவரை வைத்திருந்தால்தான் அந்த முடிவுக்கு அர்த்தம். 2019 கடைசியிலிருந்து 2025 நடுப்பகுதி வரைக்கும், இடையில் வந்த பாஷாவைக் கணக்கில் சேர்க்காமலே, ஆறு தடவை கோச் மாறியாகிவிட்டது, ஏழாவது தடவை மாற்றித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எதுவும் மிச்சமில்லை.

என் கையில் கொடுத்தால்? முதுகெலும்புக்கு மட்டும் வெளிநாட்டுக்காரர்கள்: ஒரு சென்டர் பேக், ஒரு மிட்ஃபீல்டர், ஒரு ஸ்ட்ரைக்கர், மூவருக்கும் குறைந்தது இரண்டு சீசன். விங்கிலும் ஃபுல் பேக்கிலும் இந்திய இளைஞர்கள், தப்பு செய்தாலும் அடுத்த ஆட்டத்திலும் அவர்களே. இர்ஃபான் யாத்வாட் மாதிரி ஓடக்கூடிய ஃபார்வர்டை ஒரு சீசன் முழுக்க நடுவில் ஆடவிடுவேன், ஓரத்தில் தள்ளிவிட்டுக் கோல் வரவில்லை என்று குறை சொல்ல மாட்டேன். முப்பது தாண்டியவர்கள் இரண்டு பேர் போதும், டிரெஸ்ஸிங் ரூமில் பையன்களை அதட்டுவதற்கு.

டிக்கெட் கேள்விக்கு வருகிறேன். குடும்பத்தோடு ஒரு சாயங்காலம் ஜாலியாகப் போய்வர வேண்டும் என்றால் ஒற்றை ஆட்டத்துக்கு டிக்கெட் எடுங்கள், கேரளா ஆட்டமோ பெங்களூரு ஆட்டமோ இருந்தால் நல்லது, ஏமாற மாட்டீர்கள். கோப்பை எதிர்பார்த்து சீசன் முழுக்கப் பணம் கட்டுகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். ஏற்கெனவே நீலச்சட்டை போட்டுப் பழகியவர்களுக்கு ரிவ்யூ தேவையில்லை, நீங்கள் எப்படியும் வரப்போகிறீர்கள், நானும்தான். அடுத்த டிரான்ஸ்ஃபர் விண்டோவில் கிளப் போடுகிற அறிவிப்புகளில் பெயரைப் பார்க்காதீர்கள், பிறந்த வருஷத்தையும் ஒப்பந்த வருஷத்தையும் பாருங்கள். 23 வயதுக்குக் கீழே நாலு பேர், ஒவ்வொருவருக்கும் மூன்று வருஷம் என்று வந்தால், அணி எந்த இடத்தில் முடித்தாலும் சரி, இங்கே வந்து 3.5 ஆக்கிவிடுகிறேன்.